புளிப்பின் பருவங்கள்

பியரைப் பற்றித் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நம்மிடம் மதுவைப் பற்றிப் பேச இரண்டே குரல்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று, மேடையில் நின்று கண்டிக்கும் குரல். மற்றொன்று, கல்லூரி விடுதி மொட்டை மாடியில் பெருமையடித்துக்கொள்ளும் குரல். ஒரு மாம்பழத்தையோ காப்பியையோ ருசித்துப் பேசுவதுபோல, நிதானமாக, இது இப்படி இருந்தது, அது அப்படி இருந்தது என்று சொல்லும் மூன்றாவது குரலை நாம் எங்கேயோ தொலைத்துவிட்டோம். தொலைத்துவிட்டோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது நம்மிடம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். பிழைப்பு பெங்களூரில். இரண்டுக்கும் நடுவே ஜோலார்பேட்டை வழியாக ஓடும் ரயில்கள் என் வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தின்றிருக்கின்றன. திருப்பத்தூரிலிருந்து கிழக்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். பேருந்து ஏறி வளைவுகளைக் கடந்தால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று 'நாடுகள்'. மூன்றும் ஊராட்சிகள்தான் என்றாலும் அந்த 'நாடு' என்ற சொல்லில் பழைய நிர்வாகப் பிரிவு ஒன்றின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவை திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வந்தன. மலையின் மறுபுறம், ஜமுனாமரத்தூர் பக்கம், திருவண்ணாமலை மாவட்டம். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்றழைக்கப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேச்சு தமிழ்தான். சாமையும் கேழ்வரகும் விதைப்பார்கள். புளி, கடுக்காய், நெல்லி, தேன் சேகரிப்பார்கள்.

புதூர்நாட்டில் ஒரு ஆயாவைத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் புளி கொண்டுவந்து கொடுத்த வகையில் தொடங்கிய பழக்கம் அது. என் அம்மா காலத்திலிருந்து நீடிக்கிறது. எழுபதுக்கு மேல் இருக்கும். வயதைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணைச் சொல்வார். அவர் வீட்டில் எந்த நேரம் போனாலும் முதலில் கையில் தரப்படுவது ஒரு சொம்புக் கூழ்.

பெங்களூரில் 2010-களின் தொடக்கத்தில் சிறு மதுவடிப்பகங்கள் வரத் தொடங்கின. அங்கேயே கொதித்து, அங்கேயே நொதித்து, அங்கேயே குழாயில் இறக்கிக் கிண்ணத்தில் தரும் கடைகள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செம்பு நிறத்திலும் எஃகு நிறத்திலும் பெரிய கலன்கள் நிற்கும். கிராஃப்ட் பியர் என்பது பெயர். அலுவலக நண்பர்களுடன் போய்ப் பழகி, பிறகு நண்பர்கள் வராவிட்டாலும் தனியாகப் போகும் அளவுக்கு எனக்கு அதில் ஈடுபாடு வந்தது. குடிப்பது ஒரு கிண்ணம், மிஞ்சினால் ஒன்றரை. ஆனால் அந்த ஒரு கிண்ணத்தை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பரிசாரகர்களுக்கு என்னைப் போன்றவர்களைப் பிடிக்காது.

ஒரு கட்டத்தில் சட்டைப்பை நோட்டு ஒன்றில் குறிப்புகள் எழுதத் தொடங்கினேன். இடப்பக்கம் பெங்களூர்க் கிண்ணம். வலப்பக்கம் புதூர்நாட்டுச் சொம்பு. இரண்டையும் ஒப்பிடுவது முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கியது. எழுத எழுத, இவை ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள் என்பது புரிந்தது.

செய்முறையைச் சொன்னால் விளங்கும். பியருக்கு வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். முளை விடும்போது தானியத்துக்குள் ஒரு நொதிப்பொருள் சுரக்கிறது. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கக்கூடியது. முளையைக் காயவைத்து, உடைத்து, அறுபத்தைந்து டிகிரி வாக்கில் சூடான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவெல்லாம் இனிப்பு நீராக மாறும். அதை ஹாப்ஸ் என்ற பூவுடன் கொதிக்கவைத்தால் கசப்பு ஏறும். ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் காற்றுக் குமிழையும் தரும். அவ்வளவுதான் பியர்.

கூழுக்குக் கேழ்வரகு மாவைக் கரைத்து ஓர் இரவு வைக்கிறார்கள். காலையில் புளித்திருக்கும். சாமை நொய்யை வேகவைத்து, அதில் இந்தப் புளித்த மாவை ஊற்றி, துடுப்பால் கிண்டிக் கெட்டியாக இறக்குகிறார்கள். ஆறிய பிறகு மண்பானையில் இன்னோர் இரவு. மறுநாள் தண்ணீரோ மோரோ விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். இரண்டு இரவுகளிலும் வேலை செய்வது முக்கியமாகப் பாலைத் தயிராக்கும் அதே வகைக் கிருமிகள். ஈஸ்ட்டும் கொஞ்சம் இருக்கும். முளைகட்டாத மாவில் சர்க்கரை குறைவு. அதனால் புளிப்பு ஏறும், மயக்கம் ஏறாது. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே இருப்பது அந்த முளை மட்டும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முளையும் நம் வீட்டில் இருக்கிறது. கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா? முளைகட்டிய மாவில் கஞ்சி கெட்டிப்படாமல் இளகி, லேசாக இனிக்கும். மாவு சர்க்கரையாகிறது என்பதுதான் காரணம். சிறுதானியங்களில் கேழ்வரகுக்கு இந்தத் திறன் நன்றாக உண்டு. இமயமலைச் சாரலில் அதே கேழ்வரகைத்தான் நொதிக்கவைத்து, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். தோங்பா என்று பெயர். நாம் அதைக் கூழாக்கிக் கோயிலில் ஊற்றுகிறோம், முளைகட்டிக் குழந்தைக்குப் புகட்டுகிறோம். மூன்றும் ஒரே தானியத்தின் மூன்று தெருக்கள்.

இனி நோட்டுக்கு வருகிறேன். நம்முடைய ஆறு பெரும்பொழுதுகளின்படியே எழுதி வைத்திருக்கிறேன். பெங்களூர்க்காரர்களின் நாட்காட்டியும் ஏறக்குறைய அதற்கு ஒத்துவருகிறது.

இளவேனில். சித்திரை, வைகாசி. பெங்களூரில் மாம்பழ பியர் வரும் காலம். கோதுமை சேர்த்த கலங்கல் பியரும் இப்போதுதான் நன்றாக இருக்கும். கிராம்பும் வாழைப்பழமும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. எல்லாம் அந்த ஈஸ்ட் செய்யும் வேலை. மாம்பழ பியரைப் பற்றி என் குறிப்பு: 'முதல் வாய் பண்டிகை, மூன்றாம் வாய் மருந்து.' அதே வாரம் புதூர்நாட்டில்: 'காலையில் கரைத்தது. லேசான புளிப்பு. மதியம் அதே பானையில் குடித்தபோது நாக்கு சுள்ளென்றது.' வெயில் காலத்தில் கூழுக்கு ஆயுள் அரை நாள். அதனால் வெயிலில் ஆயா அளவைக் குறைத்துக் கரைப்பார். வீட்டைச் சுற்றிப் பலா பழுத்துக் கிடக்கும். பலாச்சுளை தின்ற வாயில் கூழ் குடித்தால் புளிப்பு இரட்டிப்பாகத் தெரியும். இதைப் பெங்களூரில் யாராவது 'இணைச்சுவை' என்று பெயர் வைத்து விற்றிருப்பார்கள்.

முதுவேனில். ஆனி, ஆடி. இது கூழின் சொந்த மாதம். வட தமிழகம் முழுக்க மாரியம்மன் கோயில்களில் அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சி ஊற்றும் மாதம். ஒரு ஊரின் கூழும் அடுத்த ஊரின் கூழும் ஒன்றாக இருக்காது. பல வீட்டு மாவு ஒரே அண்டாவில் சேருவதால் கோயில் கூழுக்கு ஒரு பொதுப்புளிப்பு உண்டு. யார் வீட்டுப் புளிப்பும் இல்லாத புளிப்பு. மலையில் மழை தலைகாட்டியிருக்கும். சாமை விதைப்பு நடக்கும். உழவு நடக்கும் நிலத்துக்குப் பானை சுமந்துபோவார்கள். பெல்ஜியத்தின் வல்லோனியப் பகுதியில் பண்ணைக் கூலிகளுக்காகக் குளிர்காலத்தில் வடித்துவைத்து வேனிலில் கொடுத்த பியர் ஒன்று உண்டு. செய்சோன் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'பருவம்' என்றே அர்த்தம். வறண்ட சுவை, சிறிது புளிப்பு, தாகத்துக்கு உகந்தது. பெங்களூரில் அதைப் பளபளப்பான கிண்ணத்தில் தந்தார்கள். எனக்கு நிலத்து வரப்பில் வைத்த பானைதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் வேலைக்காரர்களின் பானம். ஒன்றுக்கு மட்டும் விலை ஏறிவிட்டது.

கார். ஆவணி, புரட்டாசி. பெங்களூரில் அக்டோபர் திருவிழா என்ற பெயரில் ஜெர்மானிய பியர்கள் வரத் தொடங்கும். மார்ச் மாதப் பெயரைத் தாங்கிய மேர்ட்சன் என்ற தவிட்டுநிற பியர் எனக்குப் பிடித்தது. ரொட்டியின் மேல்தோல் கருகியதுபோல ஒரு சுவை. அதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பவேரியாவில் 1553-ல் ஓர் ஆணை வந்தது: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பியர் வடிக்கக்கூடாது. வெயிலில் வடித்தால் கெட்டுப்போகிறது, தீவிபத்தும் நேர்கிறது என்பது காரணம். ஆகவே மார்ச்சில் கடைசியாகக் கெட்டியாக வடித்து, குளிர்ந்த நிலவறையில் வைத்து, இலையுதிர்காலம் வரை குடித்துத் தீர்த்தார்கள். ஆயாவின் கோடைக்கால அரை அளவும் பவேரியக் கோமகனின் ஆணையும் ஒரே பிரச்சினைக்கான இரண்டு விடைகள்.

கூதிர். ஐப்பசி, கார்த்திகை. மலையில் மழை பெய்தால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. காவலூர் வானாய்வகத்தில் 1986-ல் நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது; இந்த மாதங்களில் அதுவும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். கூழ் புளிக்காது. ஆயா பானையை அடுப்பங்கரையில், சாம்பல் சூட்டுக்குப் பக்கத்தில் நகர்த்திவைப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் முந்தைய கூழின் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து ஊற்றுவார். மதுவடிப்பகத்தில் ஒரு கலனின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை அடுத்த கலனுக்கு மாற்றுவார்களே, அதே காரியம். பானையைச் சோப்புப் போட்டுக் கழுவவிட மாட்டார். மருமகள் ஒருமுறை விளக்கித் துடைத்து வைத்துவிட்டாள் என்று மூன்று நாள் புலம்பினார். "பானைக்கு ஞாபகம் போயிடிச்சி தம்பி" என்றார். மண்பானையின் நுண்துளைகளில்தான் அடுத்த இரவுக்கான வித்து இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒரு நுண்ணுயிரியல் பாடநூல் சொல்லிவிடாது. பெங்களூரில் இந்த மாதங்களில் என் தேர்வு ஸ்டவுட் என்ற கறுப்பு பியர். கருக வறுத்த தானியத்தின் காப்பிக் கசப்பு. மழைக்கு அது பொருந்தும்.

முன்பனி. மார்கழி, தை. புதுச் சாமை வீட்டுக்கு வந்திருக்கும். கேழ்வரகும் புதிது. ஆண்டின் மிகச் சிறந்த கூழ் இதுதான் என்பது என் தீர்ப்பு. குளிரில் மெல்லப் புளிப்பதால் புளிப்பு கூர்மையாக இல்லாமல் வட்டமாக இருக்கிறது. தானியத்தின் பால்வாசனை தங்குகிறது. பியரிலும் இதே விதிதான். குளிரில் வாரக்கணக்கில் நொதிக்கும் லாகர் தெளிவாக, அலட்டல் இல்லாமல் இருக்கும். வெதுவெதுப்பில் வேகமாக நொதிக்கும் ஏல் பழவாசனையும் ஆரவாரமுமாக இருக்கும். அவசரப்படாத புளிப்பு நல்ல புளிப்பு என்று நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

பின்பனி. மாசி, பங்குனி. வலப்பக்கத்தில் அதிகம் குறிப்புகள் இல்லை. இந்த மாதங்களில் புளி உலுக்கும் வேலை. ஆயா வீட்டில் இருக்கமாட்டார். இடப்பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் நீளமானது. ஒரு கடையில் கேழ்வரகு சேர்த்த பியர் வந்திருந்தது. நிறம் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. நுரை விரைவில் அடங்கிவிட்டது. வாயில் வைத்ததும் மண்வாசனை, பின்னால் மெல்லிய துவர்ப்பு. ஹாப்ஸின் கசப்பு வந்து அதை மூடுவதற்கு முன் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆயாவின் சொம்பு. கிண்ணம் 400 ரூபாய்க்கு மேல்.

குறிப்புகளில் ஒரு முரண் கண்ணில் படும். பெங்களூரில் பருவம் என்பது ஒரு தேர்வு. கடைக்காரர் நினைத்தால் ஐப்பசியிலும் மாம்பழ பியர் தரலாம். பியருக்குப் பருவம் இல்லாமல் போனது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1870-களில் லிண்டேயின் குளிர்விப்பு இயந்திரம் மதுவடிப்பகங்களுக்குள் வந்தது. 1876-ல் பாஸ்டர் பியரின் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய வித்தை வளர்த்தெடுத்தார். அதன்பின் எந்த நாட்டிலும் எந்த மாதத்திலும் ஒரே சுவையில் பியர் வடிக்க முடிந்தது. இன்று கிராஃப்ட் பியர்க்காரர்கள் செய்வது, தொழிற்சாலை அழித்த பருவத்தை மறுபடியும் அட்டையில் எழுதி மாட்டுவது. ஆயாவுக்கு அந்தத் தேவை இல்லை. அவர் பானைக்குள் பருவம் அழைக்காமலே வருகிறது.

தொலைந்த மூன்றாவது குரல் என்று சொன்னேன். அது பத்துப்பாட்டில் இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் மது செய்யும் முறை படிப்படியாக வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலுவான வாயுள்ள சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிவது. முளை இருக்கிறது, களி இருக்கிறது, ஆற்றுவது இருக்கிறது, கால அளவும் இருக்கிறது. ஒரு மதுவடிப்பகக்காரரிடம் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "வெப்பநிலை?" என்பதுதான்.

அதைவிட எனக்கு நெருக்கமானது மலைபடுகடாம். 583 அடிகள். அதன் தலைவன் நன்னன் இருந்த செங்கண்மா இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் தென்புறத்து அடிவாரம். பாட்டில் வரும் சேயாறு இந்த மலையில் பிறக்கும் செய்யாறு. உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தது 1889-ல். நான் அதை வாசித்தது வெகு பின்னால், ஜோலார்பேட்டை ரயிலில். கூத்தர்கள் மலைவழியே போகும்போது குறவர்கள் தரும் விருந்தைப் புலவர் வரிசையாகச் சொல்கிறார். மூங்கில் குழாயில் ஊற்றி முற்றவைத்த தேன்கள். அதோடு நெல்லால் செய்த கள். மறுநாள் காலை அந்த மயக்கம் தெளிய ஒரு சோறு: பலாக்கொட்டை மாவு, புளி, மோர், மூங்கிலரிசி. படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரவுக்குக் கள், காலைக்குப் புளித்த கஞ்சி. என் நோட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் இதே மலைப்பக்கத்தில் ஒரே வீட்டின் ஒரே விருந்தாக இருந்திருக்கின்றன. புலவரிடம் கண்டிப்பும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. எதனால் செய்தது, எதில் முற்றியது, எதனோடு உண்பது. அவ்வளவே.

பிறகு என்ன ஆனது என்பது நீண்ட கதை. வீட்டில் வடிப்பது குற்றமாகவும், கடையில் வாங்குவது அரசின் வருவாயாகவும் மாறியது ஆங்கிலேயரின் ஆப்காரி முறையில். பம்பாய் மாகாணத்தில் 1892-ல் இலுப்பைப் பூவை வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தவே தனிச்சட்டம் வந்தது. பழங்குடிகளின் வீட்டு வடிப்பை அது நேராகத் தாக்கியது. நம் பக்கத்தில் 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுதும் பரவியது. 1971-ல் தளர்த்தப்பட்டது, சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 1987 ஜனவரி முதல் நாளிலிருந்து கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். ஆக, ஐந்து சதவீதச் சாராயச் சத்துள்ள கள் குற்றம். நாற்பது சதவீதத்துக்கு மேலுள்ள பிராந்திக்கு அரசுக் கடை. கிழக்கே அஸ்ஸாமில் திமாசா மக்களின் ஜூடிமா என்ற அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். முந்திரிப்பழத்தில் வடிக்கும் கோவாவின் ஃபெனிக்கு 2009-லேயே கிடைத்துவிட்டது. இதையெல்லாம் அடுக்கி, புதூர்நாட்டுக்கும் ஒரு சாமை பியர் வேண்டும் என்று ஆவேசமாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம். ஒரு காலத்தில் எழுத நினைத்தேன்.

எழுதவிடாமல் செய்தவர் ஆயாதான். அவருடைய வீட்டுக்காரர் சாராயத்தில் போனவர். கடைச் சாராயம் அல்ல. காட்டுக்குள் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சியது. ஜவ்வாது மலை அதற்குப் பெயர் வாங்கிய காலம் ஒன்று உண்டு. ஐந்து பிள்ளைகளோடு அவர் தனித்து நின்றபோது முப்பது வயதுகூட இருந்திருக்காது. இதை அவர் ஒரு துக்கமாகச் சொன்னதில்லை. புளி விலை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவரிடம் நான் விளக்க முயன்றிருக்கிறேன். நொதிக்கவைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு ஆயா. நொதித்தலில் ஓர் எல்லை இருக்கிறது. சாராயச் சத்து பன்னிரண்டு பதினைந்து சதவீதத்தை நெருங்கும்போது ஈஸ்ட் தானே செத்துவிடும். காய்ச்சும்போதுதான் அந்த எல்லை உடைகிறது. அதற்கு மேல் கேடு, மெத்தனால் கலப்பது. கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். பிறகு கேட்டார்: "அந்த எல்லை குடிக்கறவனுக்குத் தெரியுமா?"

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் கல்வராயன் மலையின் பெயர் அடிபட்டது. ஜவ்வாது மலைக்குத் தெற்கே இருக்கும் மலை. அங்கேயும் இவர்களைப் போன்ற மலையாளிகள்தான் வாழ்கிறார்கள். ஆயா அந்த வாரம் தொலைக்காட்சியை அணைத்தே வைத்திருந்தார் என்று பேரன் சொன்னான். நொதித்தலுக்கும் வடித்தலுக்கும் உள்ள வேறுபாடு உண்மைதான். சட்டம் அதைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பெங்களூரில் ஒரு மணி நேரம் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குக் கிடைத்த அமைதி, மாதச் சம்பளத்தாலும் வீடு திரும்பினால் அடிக்க ஆளில்லாத குடும்பத்தாலும் வாங்கப்பட்டது. ருசி என்பது நாக்கில் மட்டும் இருப்பதல்ல. மலைபடுகடாத்தின் புலவர் அந்த விருந்தை உண்டவர் பக்கத்திலிருந்து பாடினார். மறுநாள் மூங்கிலரிசி வேகவைத்தவள் பக்கத்திலிருந்து யாரும் பாடவில்லை. இரண்டு பக்கமும் தெரிந்த பிறகுதான் அந்த மூன்றாவது குரலில் பேச நமக்கு உரிமை வரும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆயாவின் பேரன் பெங்களூரில் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறான். அங்கே பியரும் வடிக்கிறார்கள். குடிக்கமாட்டான், மேசைக்குக் கொண்டுபோய் வைப்பான். ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது, "ஆயா, அங்க கேவுருல பீர் போடறாங்க" என்றான். ஆயா வியக்கவில்லை. "முளகட்டித்தான?" என்று கேட்டார். அவன் விழித்தான். நானும் விழித்தேன். அது அவருக்கு எப்படித் தெரியும்? "முளகட்டுனா மாவு இனிக்கும். இனிச்சா, புளிக்கறப்ப வேற மாதிரி போயிடும். அதனாலதான் கூழுக்கு முளகட்டின மாவு போடக்கூடாது" என்றார். விலையைச் சொன்னபோது மட்டும் சிரித்தார். அந்த விலைக்கு எத்தனை படி கேழ்வரகு வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு, "குடிக்கறவங்க வூட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் இருந்தது. எது கூழ், எது கள், எங்கே பிரிகிறது, பிரியாமல் இருக்க எதைச் செய்யக்கூடாது. தெரியாததால் அவர் கூழோடு நின்றுவிடவில்லை. தெரிந்தே அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறார். மலையில் தலைமுறைகளாகப் பானையைக் காத்த பெண்களின் அறிவு இது. மதுவடிப்பகங்களின் அட்டையிலோ, 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது வந்த துண்டுப்பிரசுரங்களிலோ இதை நான் காணவில்லை.

அந்த அறிவு இப்போது மெலிந்துகொண்டிருக்கிறது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011-லிருந்து இலவசமாகவும் ரேஷன் அரிசி வந்த பிறகு பசி தணிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. கூடவே, தினமும் கூழ் கரைத்த வீடுகளில் இப்போது ஆடிக்கு மட்டும் கரைக்கிறார்கள். ஆயாவின் மருமகள் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்கிறது.

சென்ற தை மாதத்தில் ஆயாவின் அளவுகளைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். இடப்பக்கம், வலப்பக்கம் என்றில்லாமல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதினேன். வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கேழ்வரகு மாவு இரண்டு பங்கு, புதியது. சாமை நொய் ஒரு பங்கு. மாவை இட்லி மாவைவிடத் தளர்வாகக் கரைத்து ஓர் இரவு. நொய் குழைய வெந்த பிறகு மாவை ஊற்றி, கை விடாமல் கிண்டவும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஆறியதும் மண்பானை, ஓர் இரவு. பனிக்காலத்தில் பழைய கூழ்த் தண்ணீர் ஒரு கரண்டி. வெயில் காலத்தில் வேண்டாம், அளவும் பாதி. பானையைச் சோப்பில் கழுவக்கூடாது. கரைத்த அன்று குடிக்கலாம், மறுநாளும் குடிக்கலாம். மூன்றாம் நாள் மிஞ்சினால் மாட்டுக்கு.